சோளகம் தள்ளிவிட்ட நடை

பாரிஸுக்குப் பக்கத்துப் பொபினியில் முதலாம் இலக்க ட்ராம் அவிசென் ஆஸ்பத்திரித் தரிப்பில் நின்றபோது, தெல்லிப்பழையிலிருந்து பெரியம்மாவின் குரல்பதிவு வந்து விழுந்தது. "காலமை கிளினிக்குக்குப் போட்டு வந்திட்டன் மோனை. இனித்தான் உலை வைக்க வேணும்." புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் மனுசி, சந்தைக்குப் போய் வந்ததுபோலச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நாட்டையே நீளத்துக்கு அளந்த கதை இருக்கிறது.

1990 ஜூனில் போர் துரத்த, யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியது. தெல்லிப்பழைப் பக்கமெல்லாம் பாழடைந்தது. யாழ்ப்பாணத்தில் புற்றுநோய் என்று தெரிந்தால் பலருக்குக் கடைசி வழி கொழும்புக்குப் பக்கத்து மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். பெரியப்பாவும் அப்படித்தான் போனார்: மடியில் தலையணை, பையில் ரிப்போர்ட் கட்டு, போகும் வழியெல்லாம் சோதனைச் சாவடி. 2006 ஆகஸ்டில், வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதையையும் மூடினார்கள். நோய் காத்திருக்காது, பாதை எப்போது திறக்குமென்று ஒருவருக்கும் தெரியாது.

2009 மே மாதம் போர் முடிந்தது. பாதை திறந்தது. ஆனால் மகரகம இருந்த இடத்தில்தான் இருந்தது. வடக்கில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டக் காசு வேண்டும், அதுவும் கோடிக்கணக்கில். யாரிடம் கேட்பது?

கேட்கப் புறப்பட்டவர்கள் வைத்தியர்களும் இல்லை, அரசியல்வாதிகளும் இல்லை. எம்ஏஎஸ் என்ற பெரிய ஆடைத் தொழில் குழுமத்தில் உயர் பொறுப்பில் இருந்த இருவர். ஒருவர் நாதன் சிவகணநாதன், தமிழர். மற்றவர் சரிந்த உனம்புவே, சிங்களவர். வணிகம் தெரிந்தவர்கள் பணம் திரட்ட விருந்து வைப்பார்கள், ஏலம் விடுவார்கள். இவர்கள் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்கள்.

நோய்க்காக நெடுந்தூரம் போவது உலகத்துக்குப் புதிதில்லை. 1980இல் ரெறி ஃபொக்ஸ் என்ற கனேடிய இளைஞன் புற்றுநோய்க்கு ஒரு காலைக் கொடுத்துவிட்டு, செயற்கைக் காலோடு 143 நாள் ஓடினான். 5,373 கிலோமீற்றர். நோய் நுரையீரலுக்குப் பரவ, தண்டர் பே நகரருகே ஓட்டம் நின்றது. மறு வருடம் உயிரும் போனது. இன்றைக்கு ரொறொன்ரோவில் எங்கள் பிள்ளைகள் செப்டம்பரில் ஓடுவது அவன் பெயரில்தான். ஆனால் இலங்கையில், ஆறாத காயத்தின் மேலால் தெற்கிலிருந்து வடக்குக்கு நடந்தால் சனம் கூட வருமா?

2011 ஜூலை 1. பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை என்று மேடைகளில் வாய் ஓயாமல் சொல்வார்களே, அதைத் திருப்பிப் போட்டு தெய்வேந்திரமுனையில் முதல் அடி வைத்தார்கள். 670 கிலோமீற்றர், 27 நாள். அதாவது நாளுக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர். ஜூலை வெயில் வன்னியில் தாரை இளக்கும். அந்த மாதம் வீசுவது சோளகம், தென்மேற்குக் காற்று. வடக்கே நடப்பவனுக்கு அது முதுகுப் பக்கத்துக் காற்று. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் அதுதான். வழி நெடுக ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நடந்தார்கள், சிலர் ஒரு நாள், சிலர் பல நாள். ஜூலை 27, பருத்தித்துறைக் கடல் தெரிந்தது. இருபது லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது.

அந்தக் காசில் எழுந்து 2013இல் திறந்ததுதான், பெரியம்மா காலையில் போய்வந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி.

2016இல் அதே நண்பர்கள் மறுபடி புறப்பட்டார்கள். இந்த முறை பருத்தித்துறையிலிருந்து தெற்கே. காலியின் கராப்பிட்டியில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக. தம்பியை மூளைக் கட்டிக்குப் பறிகொடுத்த கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தனவும் துணை நின்றார். வடக்குக்குத் தெற்கு நடந்தது. தெற்குக்கு வடக்கிலிருந்து நடை கிளம்பியது.

ட்ராம் நகர்ந்தது. பெரியம்மாவின் அடுத்த பதிவு, குசினிச் சத்தத்தோடு: "அரிசி கொதிக்குது, பிறகு கதைக்கிறன்."