நம் கரையும் மீனவர் சங்கங்களும்

நம் பங்கின் யூபிலி ஆண்டில் வெளிவரும் இம்மலரில் ஆலயம் எழும்பிய வரலாற்றை வேறு பக்கங்கள் கூறுகின்றன. ஆலயத்துக்கு எதிரே கரையில் நடந்ததை எழுதும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. 1544-ஆம் ஆண்டு புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவர் ஊர்களில் திருமுழுக்கு அளித்த நாள்முதல் நம் மக்கள் விசுவாசத்தில் யாருக்கும் குறைந்தவர்களல்லர். ஆனால் தாம் பிடித்த மீனுக்கு விலை சொல்லும் உரிமை மட்டும் அவர்களுக்கு நெடுங்காலம் இருந்ததில்லை.

வலையோ மரமோ வாங்க வேண்டுமாயின் வியாபாரியிடம் முன்பணம் பெறவேண்டும். அவர் வட்டி என்று தனியே கேட்கமாட்டார். பிடிபடும் மீன் முழுவதும் அவர் கைக்கே போகவேண்டும், அவர் சொல்வதே விலை, அவ்வளவுதான். அந்த விலையும் உடனே கைக்கு வராது. கடல் பொங்கி மரம் இறக்க முடியாத நாட்களில் அரிசிக்காக மறுபடியும் அவர் வாசலிலேயே நிற்கவேண்டும். தகப்பன் பட்ட கடன் மகன் தலையில் விடியும். ஆலயத்துக்குரிய பங்கைக் குத்தகைக்கு எடுத்தவர்களும் இதே கரையில் நின்றுதான் வசூலித்தார்கள். யூபிலி மலர் என்பதற்காக இதை மறைப்பது முறையன்று.

இந்நிலையை மாற்ற வழி தேடியவர்களின் கண்ணில் முதலில் பட்டது படகுதான். 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய–நார்வே திட்டம் தொடங்கி, விசைப்படகும் பனிக்கட்டி நிலையமும் வந்தன. நம் கோட்டாறு மறைமாவட்டத்தில் பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்த அருட்தந்தை ஜேம்ஸ் தோம்பர் அவர்கள் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் வழியாகக் கரையோர ஊர்களில் உழைத்தார். முட்டத்தில் படகு கட்டும் நிலையம் உருவாயிற்று. நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. ஆயினும் விசைப்படகு வாங்கவும் பராமரிக்கவும் பெரும்பணம் வேண்டுமாகையால், அது போகப்போக வசதியுள்ள சிலர் கைக்கே போய்ச் சேர்ந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏற, அப்படகுகள் இழுவை மடி கட்டிக் கடலின் அடியையே வாரத் தொடங்கின. மீன்குஞ்சும் போயிற்று, சிறு மீனவர் இட்டிருந்த வலையும் அறுபட்டது.

இதனால் பாடம் கற்றவர்கள் படகை விட்டு ஏலத்தைப் பிடித்தார்கள். எங்கள் கருத்தில் இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அவர்களின் முயற்சியால் 1960-களில் உருவான மரியநாடு என்ற புதிய ஊரில் இதற்கு வழி பிறந்தது. நம் குமரிக் கரையிலும் அவ்வழியிலேயே சங்கங்கள் எழுந்தன.

சங்கம் நடந்த முறையை இளையோர் அறியவேண்டும். கடலுக்குப் போகிறவனுக்கே அதில் இடம். வியாபாரிக்கும் தரகனுக்கும் இல்லை. உறுப்பினர் அனைவரும் தம் மீனைச் சங்கத்தின் ஏலக்காரர் வழியாகவே கரையில் எல்லார் முன்னிலையிலும் விற்கவேண்டும். வாங்கிய வியாபாரி பணம் தரத் தாமதித்தாலும் மீனவனுக்குரியதைச் சங்கம் கொடுத்துவிடும். ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்கு இவ்வளவு என்று கடனுக்கும், சேமிப்புக்கும், சங்கச் செலவுக்கும் பிடிக்கப்படும். மீன் பட்டால் பிடித்தம் உண்டு, படாத நாளில் இல்லை. மாதத் தவணை கேட்கும் வங்கிக்குப் புரியாத கடலின் கணக்கு இது. கைநாட்டு வைத்தவர்களும் பாஸ் புத்தகத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்ததை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஊர்ச் சங்கங்கள் மாவட்ட அளவில் இணைந்தன. அவற்றுக்கு மேல் 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. அதற்குப் பின்னரே படகு மீண்டும் பேச்சில் வந்தது. இம்முறை சிறிய படகு. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஏற்ற மரம் அருகி விலை ஏறிவிட்டிருந்தது. முட்டத்தில் பணியாற்றிய பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர், அலையடிக்கும் கரையில் ஏற்றி இறக்கத்தக்க ஒட்டுப்பலகைப் படகுகளை நம் மீனவரோடு சேர்ந்து உருவாக்கினார். கட்டுமரத்தைப் போலவே அமைந்த ஒன்றுக்குக் கோட்டார்காட் என்று பெயர். செய்த முதல் படகே சரியாக அமைந்துவிடவில்லை. 1985-இல் அவர் எழுதிய நூலுக்கு, சிறியது கடினமானது என்று பொருள்படும் தலைப்பை இட்டதிலிருந்து அவர் பட்ட பாடு விளங்கும்.

கடலைக் காக்கும் போராட்டமும் உடன் வந்தது. 1983-இல் தமிழ்நாட்டுச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கலாகாது என்றது. கேரளம் 1988-இல் மழைக்காலத்தில் இழுவை மடியைத் தடை செய்தது. நீரையும் உயிரையும் காக்கக் கோரி இரு கரைகளிலிருந்தும் புறப்பட்ட மீனவர் பயணம் 1989 மே 1-ஆம் நாள் கன்னியாகுமரியில் கூடியபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. இன்று நம் மேலைக் கரையில் ஜூன், ஜூலை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன என்றால், அது தானாக வந்ததன்று.

குறைகளும் உண்டு. நைலான் வலை இயந்திரத்தில் நெய்யப்பட்டபோது, வீட்டில் வலை முடைந்த நம் தாய்மாரின் வருமானம் நின்றது. கடவம் சுமந்து மீன் விற்ற பெண்களைச் சங்கங்கள் முதலில் எண்ணிப் பார்க்கவில்லை. நம் ஊர்ச் சங்கமும் ஒருமுறை கணக்கில் ஐயம் எழுந்து பூட்டிக்கிடந்தது; அந்நாட்களில் சிலர் வெட்கத்தோடு பழைய வியாபாரியிடமே திரும்பினார்கள். இதை மலரில் எழுதலாமா என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. பூட்டைத் திறக்க வைத்தவர்களும் நம் ஊராரே என்பதால் எழுதத் துணிந்தோம்.

இன்று கட்டுமரத்தின் இடத்தில் பெரும்பாலும் ஃபைபர் படகு நிற்கிறது. பழைய சங்கத்தின் கணக்குப் புத்தகங்களில் இரண்டே எங்களுக்குக் கிடைத்தன. ஒன்றில் கறையான் பாதியைத் தின்றுவிட்டது. வீட்டில் பழைய பாஸ் புத்தகமோ, ஏலச் சீட்டோ, படகு இறக்கிய நாளின் புகைப்படமோ வைத்திருப்போர் அதனைப் பங்கு அலுவலகத்தில் கொடுக்க வேண்டுகிறோம். திருமுழுக்குப் பதிவேடுகள் இருக்கும் அலமாரியிலேயே அவற்றுக்கும் ஒரு தட்டு ஒதுக்கித் தரப் பங்குத் தந்தை அவர்கள் இசைந்துள்ளார்கள்.