அடங்கும் தந்தி

இசைக்கருவி என்றதும் அது எழுப்பும் நாதத்தையே நாம் பேசுகிறோம். எழுந்த நாதத்தை மீட்டியவரே அடக்கப் பழகிய வரலாற்றை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டாபிராம், ஆவடி வட்டாரப் பாடகர் குழுக்களில் கிதார் ஏந்தும் நம் இளைஞர்களுக்கு அவ்வரலாறு பயன் தரும்.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, 120-ஆம் எண்ணில் குழாய் ஆர்கனுக்குப் பெருமதிப்பு அளித்தது. தகுதியுள்ள பிற கருவிகளையும் உரியோர் இசைவுடன் ஏற்றது. அதே ஏட்டின் 30-ஆம் எண், வேண்டிய நேரங்களில் மௌனம் காக்குமாறு பணிக்கிறது. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேற, கருவிக்கு ஒலிக்கவும் தெரிய வேண்டும், ஓயவும் தெரிய வேண்டும்.

ஆர்கனில் விசையை விட்டதும் குழலுக்குக் காற்று நின்றுவிடும். 1700-ஐ ஒட்டி இத்தாலியரான பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபொரி அமைத்த பியானோவிலேயே தந்தியை அடக்கும் தடுப்பான்கள் இருந்தன. கிதாருக்கோ மீட்டுபவரின் கைகளே தடுப்பான்.

அடக்காவிடில் நேர்வது என்ன? கிதாரின் ஆறாம் தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. அதன் மும்மடங்கு 247; அதுவே இரண்டாம் தந்தியின் அதிர்வெண். ஆகவே இரண்டாம் தந்தியை மீட்டினால், தொடாத ஆறாம் தந்தியும் உடன் முனகும். இத்தகைய எச்சங்கள் கூடி அடுத்த சுரத்தைக் கலங்கச் செய்கின்றன.

ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் பெர்னாந்தோ சோர் 1830-இல் வெளியிட்ட கிதார் பயிற்சி நூலில் ஒலியடக்கத்தை விளக்கினார். அவர் வலக்கையை நாடவில்லை. இடக்கை விரலை மெட்டின்மீதே வைத்து, வழக்கத்தினும் தளர்வாக அழுத்தினார். வலக்கை உள்ளங்கையின் ஓரத்தைக் குதிரையருகே தந்திகள்மேல் சாய்த்து மீட்டும் முறையை இன்று நம் இளைஞர்கள் 'பாம் மியூட்' என்கின்றனர்.

1930-களில் மின்கிதார் பரவியபின் சிக்கல் பெருகிற்று. தந்தியின் அதிர்வை வாங்கும் கம்பிச்சுருள், சுற்றிலுமுள்ள மின்னோட்டத்தின் இரைச்சலையும் வாங்கியது. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர், எதிரெதிராக அமைந்த இரு சுருள்களை இணைத்து அவ்விரைச்சலை நீக்கும் முறைக்கு 1955-இல் காப்புரிமை கோரி, 1959-இல் பெற்றார். இரைச்சல் ஒன்றையொன்று அழிக்க, தந்தியின் ஒலி மட்டும் கூடிற்று. ஆயினும் தேவையற்ற தந்தி ஒலிப்பதை அக்கருவியால் தடுக்க இயலாது. அது இன்றும் கையின் பொறுப்பே.

பதிலுரைப் பாடல் முடிந்து வாசகம் தொடங்கும்போது, ஒலிபெருக்கியில் ஒரு தந்தி முனகிக்கொண்டிருந்தால், கடைசி வரிசையில் அமர்ந்துள்ள செவிமந்தமான மூதாட்டிக்கு இறைவார்த்தையின் முதல் சொற்கள் கிட்டா. பாடல் முடிந்ததும் உள்ளங்கையைத் தந்திகள்மேல் மெல்லப் படியவைத்து, ஒலித்திருகியையும் குறைத்தால் போதும். அவருக்குரியது அவரைச் சேரும்.

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை திறக்கப்பட்ட இருப்புப்பாதை நம் பட்டாபிராம் வழியே செல்கிறது. அதில் ஓடும் வண்டிகளின் ஓசையை நாம் நிறுத்த இயலாது. நம் கையிலுள்ள ஆறு தந்திகளை நிறுத்த இயலும். பயிற்சி வேளையில் மீட்டலுக்கு அளிக்கும் நேரத்தில் ஒரு பகுதியை அடக்கத்துக்கும் அளிப்போமாக.