கறுப்புப் பட்டைக்குள் எத்தனை மணி நேரம்?

இன்னைக்கு எபிசோடை ஒரு தப்புலேர்ந்து ஆரம்பிக்கிறேன். என்னோட தப்பு.

காலேஜ் முடித்த வருஷம் நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். ஷெட்யூல் போடுவது என் பொறுப்பு. எக்ஸெல்லில் உட்கார்ந்து, மூன்று நாளுக்கு 19 சீனையும் அழகாகப் பிரித்து வைத்தேன். இரண்டாம் நாள் நைட் ஷூட். பேக்கப் ஆகும்போது விடியற்காலை 4 மணி. மறுபடி எல்லாரும் வரவேண்டியது காலை 8 மணிக்கு. என் எக்ஸெல் ஷீட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு கோடு. சவுண்ட் பார்த்த நண்பன் பைக்கில் தாம்பரம் போகும் வழியில் கண் அசந்து மீடியனில் மோதினான். நல்லவேளை, மணிக்கட்டு எலும்பு முறிவோட போச்சு. "விடுடா, நான்தானே தூங்கினேன்" என்றான். ஆனா அந்தக் கோட்டைப் போட்டவன் நான்.

அதுக்கப்புறம்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. ஷூட்டிங் ஷெட்யூல்னு ஒண்ணை யார், எதுக்காகக் கண்டுபிடிச்சாங்க? அதில் எதையெல்லாம் கணக்கில் எடுத்தாங்க, எதை விட்டுட்டாங்க?

ஒரே சொல், மூணு அர்த்தம்

"கால்ஷீட்" என்ற சொல்லை எடுத்துக்குவோம். ஹாலிவுட்டில் அது ஒரு காகிதம். நாளைக்கு எந்த லொக்கேஷன், எந்தெந்த சீன், யார் எத்தனை மணிக்கு வரணும் என்பதெல்லாம் அதில் இருக்கும். முந்தின நாளே யூனிட் முழுக்கக் கொடுத்துவிடுவார்கள்.

தமிழ் சினிமாவுக்கு வந்ததும் சொல்லின் அர்த்தம் நகர்ந்துவிட்டது. "ஹீரோ 40 நாள் கால்ஷீட் கொடுத்திருக்கார்" என்றால் அது அவருடைய தேதிகள். "இன்னைக்கு டபுள் கால்ஷீட்" என்று ஒரு லைட்மேன் சொன்னால் அது அவருடைய வேலை நேரமும் கூலியும். திட்டம் எழுதின காகிதம், நட்சத்திரத்தின் தேதி, தொழிலாளியின் நேரம். ஷெட்யூலின் நூறு வருஷக் கதையில் இந்த மூணுக்கும் நடுவே இழுபறி இருந்துகிட்டே இருக்கு.

டீக்கடைக்கு எத்தனை தடவை போவீங்க?

ஒரு கதையில் டீக்கடை 4-வது சீனில் வருகிறது, 37-ல் வருகிறது, கிளைமாக்ஸுக்கு முன்னால் 88-ல் மறுபடி வருகிறது. கதை வரிசையில் எடுத்தால் ஜெனரேட்டர், லைட், கேமரா, சாப்பாட்டு வண்டி எல்லாத்தோடும் அதே டீக்கடைக்கு மூணு தடவை போகணும். மூணையும் ஒரே நாளில் எடுத்தால் ஒரு தடவை போதும். இன்னைக்கு இது சாதாரண விஷயம். ஆனால் இப்படிச் செய்ய, கேமரா ஓடுவதற்கு முன்பே படம் முழுக்கக் காகிதத்தில் இருந்தாகணும். 88-வது சீனில் என்ன நடக்கும் என்று முதல் நாளே தெரியணும்.

ஆரம்பகாலச் சின்னச் சின்னப் படங்களுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. சில நிமிஷம் ஓடும் படத்துக்கு ஒரு கதைச் சுருக்கமும் கேமராமேனும் இருந்தால் போதும். படம் நீளமானதும்தான் சிக்கல் வந்தது.

இந்த இடத்தில் தாமஸ் இன்ஸ் என்ற தயாரிப்பாளர் வருகிறார். 1912 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம், பசிபிக் கடலை ஒட்டிய சாண்டா யினெஸ் பள்ளத்தாக்கில் ஒரு ஸ்டூடியோவை உருவாக்கினார். 'இன்ஸ்வில்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 101 ராஞ்ச் என்ற குதிரை சாகசக் குழுவோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். அதனால் கௌபாய்கள், பூர்வகுடி மக்கள், குதிரைகள், மாடுகள் எல்லாம் அங்கேயே இருந்தன. இப்போ நீங்க தயாரிப்பாளர் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. ஷூட்டிங் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சம்பளம் போகும், குதிரைக்குத் தீவனம் போகும். டைரக்டர் காலையில் வந்து "இன்னைக்கு என்ன எடுக்கலாம்?" என்று யோசித்தால் கட்டுப்படியாகுமா?

முதலில் இன்ஸ் தானே டைரக்ட் செய்தார். பிறகு யூனிட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு டைரக்டரிடம் கொடுத்தார். அவர்கள் கையில் விரிவான ஸ்கிரிப்டைத் திணித்தார். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நம்பர். முன்பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல், எந்த இடத்தில் எந்தெந்த நம்பர் என்ற பட்டியல். டைரக்டர் கதையைப் புரட்டத் தேவையில்லை. "பண்ணை வீடு" என்ற வரியைப் பார்த்தால் அங்கே எடுக்க வேண்டிய எல்லா நம்பரும் கிடைத்துவிடும். இதை இன்ஸ் ஒருத்தரே கண்டுபிடிச்சார்னு சொல்ல முடியாது, மற்ற கம்பெனிகளும் அதே திசையில் போய்க்கொண்டிருந்தன. ஆனால் இதை ஒரு முழு அமைப்பாக ஓட்டிக் காட்டியவர்களில் அவர் பெயர்தான் முதலில் வரும்.

டைரக்டர் எடுக்கிறார், எதை, எந்த வரிசையில் என்பது அதற்கு முன்பே வேறொரு மேஜையில் முடிவாகிவிடுகிறது. இந்த மாற்றத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

கலர் பட்டைகள்

அந்த மேஜையில் பிற்பாடு ஒரு பலகை வந்தது. ஸ்ட்ரிப் போர்டு. ஒவ்வொரு சீனுக்கும் ஒரு மெல்லிய அட்டைப் பட்டை. சீன் நம்பர், இடம், நடிகர்களின் நம்பர்கள், சீனின் நீளம் எல்லாம் அதில் இருக்கும். நீளத்தைப் பக்கத்தின் எட்டில் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். "இரண்டே முக்கால் பக்கம்" என்பது 2 6/8. பட்டைக்கு நிறமும் உண்டு. வழக்கமாக உள்ளே பகல் என்றால் வெள்ளை, வெளியே பகல் மஞ்சள், உள்ளே இரவு நீலம், வெளியே இரவு பச்சை.

பிறகு சீட்டாட்டம் மாதிரிதான். பட்டைகளை உருவி, மாற்றி மாற்றிச் செருகணும். முதலில் ஒரே லொக்கேஷன் சீன்களைச் சேர்ப்பார்கள். அதற்குள் நம்ம ஊரில் "காம்பினேஷன்" என்று சொல்வோமே, எந்த நடிகரோடு எந்த நடிகர் என்று பார்ப்பார்கள். குழந்தை நடிகர் இருந்தால் வேலை நேரத்துக்குக் கட்டுப்பாடு. ராத்திரி சீன்களை ஒன்றாகச் சேர்த்தால்தான் யூனிட்டின் தூக்கம் தாறுமாறாகாது. ஒரு பட்டையை நகர்த்தினால் பத்துப் பட்டை நகரும். நம்ம யூனிட்டுகளில் இந்தத் தலைவலி பெரும்பாலும் கோ-டைரக்டருடையது. ஹாலிவுட்டில் முதல் உதவி இயக்குநருடையது.

ஒரு நாள் முடிந்தால் ஒரு கறுப்புப் பட்டை. அதற்கு அப்புறம் அடுத்த நாள். இப்போது எல்லாம் சாஃப்ட்வேருக்குப் போய்விட்டது. ஆனாலும் திரையில் அதே நிறங்கள், அதே கறுப்புப் பட்டை. என் எக்ஸெல் கோட்டுக்குத் தாத்தா இதுதான்.

23 வயசு முதலாளி

காகிதத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்பது 1922-ல் தெரிந்தது. எரிக் வான் ஸ்ட்ரோஹைம் அன்றைக்கு யூனிவர்சல் ஸ்டூடியோவின் பெரிய டைரக்டர். அவர் எடுத்த 'ஃபூலிஷ் வைவ்ஸ்' படத்துக்கு ஆன செலவையே விளம்பரமாக்க வேண்டிய அளவுக்குப் பணம் போயிருந்தது. அடுத்த படம் 'மெர்ரி-கோ-ரவுண்ட்' அதே மாதிரி இழுத்தது. ஸ்டூடியோவை நிர்வகித்த அர்விங் தால்பெர்குக்கு அப்போது வயது 23. ஷூட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்ட்ரோஹைமை நீக்கிவிட்டு ரூபர்ட் ஜூலியனை வைத்துப் படத்தை முடித்தார். மேதை என்று பெயரெடுத்த ஒரு டைரக்டரை ஷெட்யூலை மீறினதுக்காக நடுப்படத்தில் வெளியே அனுப்பலாம் என்ற செய்தி ஹாலிவுட் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

சேலமும் சென்னையும்

நம்ம ஊர்ல என்ன நடந்தது? 1930-களில் சேலத்தில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். நேரம் தவறாமைக்கும் கண்டிப்புக்கும் பெயர்போன அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. 'உத்தம புத்திரன்', 'மந்திரி குமாரி', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லாம் அங்கே உருவானவை. தளம், லேப், எழுத்தாளர்கள், சம்பளத்துக்கு இருந்த கலைஞர்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். ஒரு நூற்பாலை மாதிரி ஓடின சினிமா.

இதற்கு நேர் எதிராகச் சென்னையில் ஜெமினியின் எஸ்.எஸ். வாசன். 'சந்திரலேகா' 1948-ல் வெளிவந்தபோது வேலை தொடங்கி ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆகியிருந்தது. செலவு சுமார் 30 லட்சம் ரூபாய் என்பார்கள். கதை மாறியது, டைரக்டர் மாறினார், கடைசியில் வாசனே இயக்கினார். அந்த முரசு நடனத்துக்கு மட்டும் மாதக்கணக்கில் ஒத்திகை. தால்பெர்க் இருந்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். ஆனால் வாசனை நீக்க யாரும் இல்லை. ஸ்டூடியோவும் அவருடையது, பணமும் அவர் பொறுப்பு.

இரண்டு வழியும் ஜெயித்தன. இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு: ஆட்களும் தளமும் ஒரே முதலாளி கையில். ஸ்டூடியோ காலம் மங்கி, நட்சத்திரங்கள் ஒரே சமயத்தில் பல கம்பெனிப் படங்களில் நடிக்க ஆரம்பித்ததும் பலகையின் மேல் வரிசையே மாறிவிட்டது. லொக்கேஷனுக்கு முன்னால் ஹீரோவின் தேதி வந்தது. கால்ஷீட் என்றால் நட்சத்திரத்தின் தேதி என்று நம் காதில் பதிந்தது இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதன் உச்சத்தை 1999-ல் பார்த்தோம். 'சுயம்வரம்' படத்தை 23 மணி 58 நிமிஷத்தில் எடுத்து முடித்தார்கள். 14 டைரக்டர்கள், 19 கேமராமேன்கள், பெரிய நடிகர் பட்டாளம். தனித்தனி யூனிட்டுகள் ஒரே சமயத்தில் ஓடின. அத்தனை பேரையும் ஒரே நாளில் கூட்டினதே பெரிய வேலை. படத்தைப் பத்தி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனா ஒரு ஷெட்யூலாகப் பார்த்தா எனக்கு மலைப்பாத்தான் இருக்கு.

ஷெட்யூல் உடைஞ்சா யார் கொடுப்பாங்க?

1974-ல் ஸ்பீல்பெர்க் 'ஜாஸ்' எடுத்தார். திட்டம் 55 நாள். ஆனது 159 நாள். தண்ணீர்த் தொட்டியில் எடுக்காமல் நிஜக் கடலில் எடுத்தார்கள். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் மக்கர் பண்ணியது. ஃபிரேமுக்குள் வேறு படகுகள் வந்தன. அந்த 104 கூடுதல் நாளுக்கும் ஸ்டூடியோ பணம் கொடுத்தது. படம் வசூலில் சரித்திரம் படைத்ததால் இன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம்.

எல்லாப் படத்துக்கும் 104 நாள் கிடைக்காது. கூடுதல் நாள் வாங்கப் பணம் இல்லாதபோது இருக்கிற நாளையே நீட்டுவார்கள். 12 மணி நேரம் 15 ஆகும், 15 மணி நேரம் 18 ஆகும். பலகையில் எதுவும் நகராது. கறுப்புப் பட்டை மட்டும் உள்ளுக்குள் சுருங்கும்.

1997-ல் லாஸ் ஏஞ்சலிஸில் 35 வயது உதவி கேமராமேன் ஒருவர் 19 மணி நேர ஷூட் முடிந்து காரில் வீடு திரும்பினார். வழியில் தூங்கிவிட்டார். விபத்தில் இறந்துபோனார். வேலை நேரத்துக்கு 14 மணி நேர உச்சவரம்பு கேட்டு சினிமாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர் கேமராவைத் தன் சொந்தத் துறையின் பக்கமே திருப்பி, தூக்கமின்மை பற்றி 'ஹூ நீட்ஸ் ஸ்லீப்?' என்ற ஆவணப்படத்தை 2006-ல் வெளியிட்டார். 80 வயதைத் தாண்டிய பிறகும் அவர் இதற்காகப் பேசிக்கொண்டே இருந்தார்.

2021-ல் ஹாலிவுட்டின் தொழில்நுட்பத் தொழிலாளர் சங்கமான ஐயாட்சியில் ஏறக்குறைய 60,000 பேர் சம்பந்தப்பட்ட வேலைநிறுத்த ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்களில் 98 சதவீதம் ஆதரவு. வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே ஒப்பந்தம் வந்தது. ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே 10 மணி நேரம் ஓய்வு, வாரக் கடைசியில் 54 மணி நேரம். அது போதுமா என்பதில் உறுப்பினர்களே கிட்டத்தட்ட பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றார்கள். ஏன்னா அந்த 10 மணி நேரத்துக்குள்ளதான் வீட்டுக்குப் போகணும், குளிக்கணும், சாப்பிடணும், குழந்தை முகத்தைப் பார்க்கணும், திரும்பி வரணும். மிச்சத்துல தூங்கணும்.

ஷெட்யூல் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இன்னும் மோசம். எங்கள் முதல் நாள் ஷூட்டில் லொக்கேஷன் பெர்மிஷன் வராமல் 14 பேர் அரை நாள் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். இன்ஸ் தொடங்கி வைத்த அந்தப் பட்டியல்தான் இத்தனை பேரின் நேரம் வீணாகாமல் காப்பாற்றுகிறது. ஆனால் சீனை எட்டில் ஒரு பங்காக எண்ணத் தெரிந்த அந்தப் பலகைக்கு, ஒரு லைட்மேன் வீடு எவ்வளவு தூரம் என்று தெரியாது. அதை எழுதிச் சேர்க்க வேண்டியது பலகையை வைத்திருப்பவர்.

இப்போ நான் ஷெட்யூல் போட்டா ஒவ்வொரு நாள் கடைசியிலும் ஒரு வரி எக்ஸ்ட்ரா போடுறேன். பேக்கப் டைம், கடைசி ஆள் வீடு போய்ச் சேரும் டைம், அடுத்த கால் டைம். நடுவுல 10 மணி நேரம் வரலைன்னா ஒரு சீனை வெட்டச் சொல்லிக் கேட்பேன். டைரக்டர் முறைப்பார். சவுண்டுக்கு இப்பவும் அதே நண்பன்தான் வர்றான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். நைட் ஷூட் முடிச்சுட்டுப் போற வழியில இதைக் கேட்டுட்டிருந்தீங்கன்னா, வண்டியை ஓரமா நிறுத்தி ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க.