போண்டை கடற்கரையின் உயிர்க்கயிறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிட்னிக் கடற்கரைகளில் பகலில் கடலில் இறங்குவதே குற்றம். ஊரார் கண்ணெதிரே குளிப்பது அநாகரிகம் என்று தடை போட்டிருந்தார்கள். 1902இல் மான்லி ஊர்ப் பத்திரிகையாளர் வில்லியம் கோச்சர், முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பட்டப்பகலில் கடலில் இறங்கினார். மறு ஆண்டே மான்லியில் தடை தளர்ந்தது.

கூட்டம் கடலை நோக்கி ஓடியது. பலருக்கு நீந்தவே தெரியாது. அவர்கள் அலைக்குத்தான் பயந்தார்கள். ஆளை இழுத்துப் போனதோ அலையில்லாத இடம்.

மணல்திட்டைத் தாண்டி அலைகள் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அது ஒன்றுசேர்ந்து ஆறுபோல வெளியே பாயும். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. கரையில் நிற்பவருக்கு அதுவே குளிக்கத் தோதான இடமாகத் தெரியும். இந்த இழுப்பு நீரோட்டம் ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை. எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் மூழ்குகிறார்கள்.

இப்படிச் சிக்கியவர்களை மீட்க, 1906 டிசம்பரில் சிட்னியின் போண்டை கடற்கரையில் கயிற்று உருளை அறிமுகமானது. முன்னின்றவர் லைஸ்டர் ஆர்ம்ஸ்பி. நூற்கட்டையையும் கொண்டை ஊசியையும் வைத்து முதல் மாதிரியைச் செய்தார் என்பார்கள். ஒரு மீட்பு வீரர் கயிறு கட்டிய பட்டையை மாட்டிக்கொண்டு, உருளையிலிருந்து கயிறு பிரியப் பிரிய நீந்திப் போவார். தத்தளிப்பவரைப் பற்றியதும் கையை உயர்த்துவார். கரையிலுள்ளவர்கள் கயிற்றை இழுக்க, ஒருவர் உருளையைச் சுற்றுவார். அடுத்த மாதமே போண்டைக் கடலிலிருந்து மீட்கப்பட்ட 9 வயதுச் சிறுவன் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித், 1928இல் பசிபிக் பெருங்கடலை விமானத்தில் கடந்து புகழ்பெற்றார்.

கயிற்றுக்குக் கடும் சோதனை 1938 பிப்ரவரி 6, ஞாயிறன்று வந்தது. மணல்திட்டில் நூற்றுக்கணக்கானோர் நின்றிருந்தபோது பேரலைகள் அடுத்தடுத்து மோதின. குவிந்த நீர் ஒரேயடியாக வடிந்தபோது 200க்கும் மேற்பட்டோரை ஆழத்துக்கு அடித்துச் சென்றது. நல்லவேளையாக, வழக்கத்தைவிட அதிகமான மீட்பு வீரர்கள் அன்று கரையில் இருந்தார்கள். பதறியவர்கள் கூட்டமாகக் கயிற்றைப் பற்றித் தொங்கியதால் இழுப்பதே பெரும்பாடாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்டோர் நினைவிழந்த நிலையில் கரைசேர்க்கப்பட்டுப் பிழைத்தார்கள். 5 பேர் இறந்தார்கள். அத்தனை பேரில் மற்றெல்லோரும் உயிருடன் திரும்பியது, ஊதியம் வாங்காத அந்த இளைஞர்களின் அருஞ்செயல்.

பின்னாளில் மிதவைக் குழாயும் ரப்பர் படகும் உருளையின் இடத்தைப் பிடித்தன. குளிக்கும் இடத்தைக் குறிக்கும் சிவப்பு-மஞ்சள் கொடி நடுமுன், அன்று பள்ளம் எங்கே விழுந்திருக்கிறது என்று வீரர்கள் பார்க்கிறார்கள். மணல் நகர்ந்தால் கொடியும் நகரும். போண்டையின் தென்முனை இழுப்பு மட்டும் ஏறக்குறைய நிரந்தரம். ‘பேக்பேக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்’ என்பது அதற்கு உள்ளூர்ப் பெயர்: பேருந்திலிருந்து இறங்கி, கொடிகள் வரை நடக்காமல் அருகிலேயே கடலில் இறங்கும் வெளிநாட்டுப் பயணிகள் அதில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.