சூத்திரத்துக்குத் தெரியாத ஜன்னல்

2015 ஜனவரியில், கிருஷ்ணகிரியை அடுத்த குந்தாரப்பள்ளியில் இருந்த பாங்க் ஆஃப் பரோடா கிளைக்குள் இரவில் ஒரு கும்பல் ஜன்னல் வழியாகப் புகுந்தது. போனது சுமார் 6,000 சவரன். ஏறக்குறைய 48 கிலோ. எல்லாம் ஜனங்கள் அடகு வைத்த நகை.

வங்கித் துறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு: செயல்பாட்டு இடர். கடன் திரும்பாத இடர் வேறு, சந்தை சரியும் இடர் வேறு. ஆட்கள், நடைமுறை, கணினி, வெளியிலிருந்து வரும் சம்பவம், இந்த நாலில் ஏதோ ஒன்று சொதப்பி வரும் நஷ்டம்தான் இது. 1995இல் சிங்கப்பூரில் நிக் லீசன் என்ற ஒரே ஆள் வியாபாரத்தையும் செய்து அதன் கணக்கையும் தானே பார்த்ததில், 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி கவிழ்ந்தது. அதன் பிறகுதான் உலகம் இதைத் தீவிரமாக யோசித்தது. 2004இல் வந்த பாசல்-2 விதிகள், இந்த இடருக்கென்று தனியாக மூலதனம் ஒதுக்கச் சொல்லின.

எவ்வளவு ஒதுக்குவது? இந்திய வங்கிகள் பின்பற்றிய எளிய முறை இது: கடந்த மூன்று வருட மொத்த வருமானத்தின் சராசரியை எடு, அதில் 15 சதவீதம். அவ்வளவுதான்.

மென்பொருள் எழுதுகிறவன் முதலில் பார்ப்பது உள்ளீட்டைத்தான். இங்கே உள்ளீடு வருமானம் மட்டுமே. கம்பியைப் பலப்படுத்திய வங்கிக்கும் அப்படியே விட்ட வங்கிக்கும் ஒரே விடை வரும். ஜன்னல் என்று ஒன்று இருப்பதே சூத்திரத்துக்குத் தெரியாது. கிருஷ்ணகிரி எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. இங்கிருந்து கர்நாடகம், ஆந்திரம் இரண்டுக்கும் நல்ல சாலை. விடிவதற்குள் திருடன் வேறு மாநிலப் போலீஸின் எல்லையில் இருப்பான்.

2021 ஜனவரி 22 அன்று, ஓசூர் பாகலூர் சாலையில் முத்தூட் ஃபைனான்ஸ் கிளையில் பட்டப்பகலில் துப்பாக்கி காட்டி சுமார் 25 கிலோ நகையை அள்ளினார்கள். அது வங்கி அல்ல, ஆனால் சரக்கு அதேதான். மறுநாளே ஹைதராபாத் அருகே பிடிபட்டார்கள். நகைப் பையோடு போன ஜிபிஎஸ் கருவி வழிகாட்டியதாகச் செய்திகள் சொல்லின. அந்தச் சின்னக் கருவி எந்த மூலதனக் கணக்கிலும் வராது.

மூலதனம் வங்கியைக் காப்பாற்றும், அதுவும் தேவைதான். ஆனால் விதைக்கும் வாடகைக்கும் தாலிக்கொடியை அடகு வைத்தவருக்கு, நஷ்டஈடாக வரும் பணம் தாலிக்கொடி ஆகிவிடாது. அவருக்கு வேண்டியது உறுதியான ஒரு ஜன்னல் கம்பி.