முதுமையும் நுண்ணறிவுத் தேர்வும்: பினாங்கு லிட்டில் இந்தியாவை முன்வைத்து

வயது ஏற ஏற நுண்ணறிவுத் தேர்வில் மதிப்பெண் குறையும் என்பது பரவலான முடிவு. எந்தப் பகுதியில் குறைகிறது என்று கேட்டால் அது அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. வெக்ஸ்லர் நுண்ணறிவுத் தேர்வின் ஒரு பகுதியில் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குறி தரப்பட்டிருக்கும். எண்ணைப் பார்த்து உரிய குறியைக் கட்டங்களில் கடகடவென நிரப்ப வேண்டும். முதலில் சரிவது இந்த வேகம்தான். சொல்வளமும் பொது அறிவும் அறுபது வயதுவரை பெரும்பாலும் குன்றுவதில்லை. சிலருக்குக் கூடுவதும் உண்டு.

அடுத்த கேள்வி, யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. உளவியலாளர் வார்னர் ஷாய் 1956இல் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வில், வெவ்வேறு வயதினரை ஒரே காலத்தில் ஒப்பிட்டபோது சரிவு இளவயதிலேயே தெரிந்தது. அதே ஆட்களைத் தொடர்ந்து சோதித்தபோது அது வெகுவாகத் தள்ளிப்போனது. இரண்டு முடிவுக்கும் இடையில் நின்றது தலைமுறை இடைவெளி. பினாங்கில், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவின் பசார் தெருவிலும் பினாங்குத் தெருவிலும் இந்த இடைவெளி இன்னும் பெரிது. மலேசியாவில் ஆங்கிலப் பள்ளிகள் 1970இல் முதலாம் வகுப்பிலிருந்து படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளிகள் தமிழிலேயே தொடர்ந்தன. ஆகவே ஆங்கிலவழியில் படித்த மூத்தவரையும் மலாய்வழியில் படித்த இளையவரையும் ஒரே தாளில் அமர்த்தினால், வித்தியாசத்தை வயதின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. தமிழில் கணக்குப் பார்த்து, மலாயில் விலை பேசி, ஹொக்கியன் சீனத்தையும் புரிந்துகொள்ளும் கடைக்காரரை எந்த மொழியில் சோதிப்பது? பன்மொழியைக் குறையாகக் கொள்ளவும் முடியாது. சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடமும் அதே போக்கு. மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்த முடிவு அது என்பதால், எல்லா முதியவர்க்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது.

தொடர் ஆய்வும் குற்றமற்றதல்ல என்று மறுப்பார்கள். நியாயமான மறுப்புதான்: திரும்பத் திரும்ப எழுதுபவர்க்குத் தேர்வு பழகிவிடும், தளர்ந்தவர்கள் இடையில் விலகிவிடுவார்கள், சரிவு உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். ஆனால் அதனால் வெவ்வேறு வயதினரை ஒரே காலத்தில் ஒப்பிடுவது சரியாகிவிடாது. சரிவை அளக்க ஒருவருடைய பழைய மதிப்பெண் வேண்டும். ஸ்காட்லாந்தில் 1932இல் பதினொரு வயதில் தேர்வெழுதியவர்களை இயன் டியரி குழு முதுமையில் மீண்டும் சோதித்தபோது, முதுமை மதிப்பெண் வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி சிறுவயது மதிப்பெண்ணிலேயே அடங்கியிருந்தது. பினாங்கு முதியவர்க்கு அப்படியொரு பழைய தாள் கிடையாது. சோதிப்பவர் அவருடைய பள்ளி ஆண்டுகளையும் பயின்ற மொழியையும் முதலில் கேட்டறிய வேண்டியிருக்கிறது; ஆறாம் வகுப்போடு நின்றவரின் குறைந்த மதிப்பெண்ணை மூளைத் தளர்ச்சி என்று பதிவு செய்துவிடுவது எளிது.