தாத்தாவின் ரிவால்வரும் ஒரு குடும்பக் கதையும்

இந்த எபிசோட் எங்க வீட்டு பீரோவிலிருந்து தொடங்குகிறது.

போன வருஷம் தாத்தா தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து, வேளச்சேரி வீட்டில் அவருடைய லாக்கரைத் திறந்தோம். பழைய வேட்டியில் சுற்றி ஒரு ரிவால்வர். அது இருப்பது எல்லாருக்கும் தெரியும். நான் பார்த்தது அன்றுதான். பாட்டி எப்போதும் சொல்லும் கதை இது: "உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு வெள்ளைக்காரக் கலெக்டர் பரிசா குடுத்தது. வஞ்சிநாதன் ஆஷைச் சுட்டாரே, அந்தக் காலத்துத் துப்பாக்கிடா."

ஆஷ் மணியாச்சியில் சுடப்பட்டது 1911 ஜூன் 17. அந்தக் காலம் என்றால் நூறு வருஷத்துக்கு மேல். என் சித்தப்பா உடனே, "லட்சக்கணக்குல போகும்" என்றார். எனக்கும் ஆசை வந்தது, மறைக்கவில்லை.

அப்பா முதலில் குண்டு இல்லை என்று உறுதி செய்தார். குழல் முன்பக்கம் மடிந்து திறந்தது. வெப்லி ரிவால்வர்களின் அடையாளம் அது. விளக்கைப் பக்கத்தில் பிடித்தபோது எழுத்துகள் தெரிந்தன: 'வெப்லி மார்க் 4', '.38'. விசைக்கு மேலே இன்னும் இரண்டு சொற்கள்: 'வார் ஃபினிஷ்'.

அந்த இரண்டு சொற்கள்தான் கதையை உடைத்தன. இரண்டாம் உலகப் போரின்போது பர்மிங்காமில் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் அவசர அவசரமாக ரிவால்வர் தயாரித்தது. பாலிஷ் போட நேரமில்லை. 'இதைவிட நன்றாகச் செய்ய எங்களுக்குத் தெரியும், போர்க்காலம் என்பதால் இப்படி' என்று சொல்வதுபோல அந்த முத்திரையைக் குத்தினார்கள். அப்படியென்றால் 1939க்கு முன்னால் இது இருந்திருக்கவே முடியாது. கொள்ளுத்தாத்தா 1936லேயே இறந்துவிட்டார்.

சரி, விலை? இங்கேதான் சுவாரசியம். 1873ல் பிரஸ்ஸல்ஸில் கவிஞர் வெர்லேன், கவிஞர் ரம்போவைச் சுட்ட ரிவால்வர் 2016ல் பாரிஸில் 4,34,500 யூரோவுக்கு ஏலம் போனது. வான் கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாக நம்பப்படும் ரிவால்வர், முழுக்கத் துருப்பிடித்தது, 2019ல் 1,62,500 யூரோ. இரண்டுமே 7 மில்லிமீட்டர் லெஃபோஷோ வகை. அந்த வகையில் சாதாரணமான ஒன்றுக்கு இந்த விலையில் ஒரு துளிகூடக் கிடைக்காது. யார் கையில் இருந்தது, அதற்கு என்ன ஆதாரம் என்பதற்குத்தான் அந்தப் பணம்.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. 1928ல் லாகூரில் சாண்டர்ஸைச் சுட பகத்சிங் பயன்படுத்திய .32 கோல்ட் பிஸ்டல், இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையிடம் பல வருஷம் மற்ற ஆயுதங்களோடு ஒன்றாகக் கிடந்தது. மேலே பூசிய கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டியபோது 168896 என்ற எண் தெரிந்தது. வழக்கு ஆவணத்தில் இருந்த அதே எண். அந்த நிமிஷம்வரை அது வெறும் இரும்பு.

எங்களுடையது ஆவணமில்லாத பரிசுக் கதை, நூறு வருஷம்கூட ஆகவில்லை. சட்டமும் 'பழசு' என்பதால் விட்டுவிடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத புராதன ஆயுதத்துக்குத்தான் விலக்கு தருகிறது. எங்களுடையது சுடும். அதோடு .38 தடைசெய்யப்பட்ட ரகம். அதற்கு அனுமதி மத்திய உள்துறையிலிருந்து வரவேண்டும். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வாரிசு தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். "ஏரியில போட்டுடுடா" என்று ஒரு நண்பன் சொன்னான். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உரிமப் புத்தகத்தில் எண் இருக்கிறது. துப்பாக்கி எங்கே என்று என்றாவது ஒருநாள் கேள்வி வரும்.

அந்தப் புத்தகத்தைத் தேடினோம். பாட்டியின் மாத்திரைப் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது தாத்தா மாடிக்கு எடுத்துப்போனவற்றில் அதுவும் ஒன்று. உள்ளே 1958ல் மவுண்ட் ரோடு கடையில் வாங்கிய பதிவு, தாத்தாவின் பெயரில். அப்புறம் வரிசையாகப் புதுப்பித்த முத்திரைகள், ஒன்றுகூட விடுபடவில்லை.

பாட்டியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்போ கலெக்டர் குடுக்கலையா? இந்த மனுஷன் சொந்தக் காசுல வாங்கிட்டு, எங்கிட்ட கதை விட்டிருக்காரு" என்று சிரித்தார். 1958ல் அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். சம்பளத்தில் பாதி எங்கே போனது என்ற அவருடைய பழைய சந்தேகம் அன்றுதான் தீர்ந்ததாம்.

மறுநாள் அப்பாவும் நானும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். உரிமப் புத்தகத்தின் நகல் மட்டும் இப்போது லாக்கரில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், முதலில் காகிதத்தைத் தேடுங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.